கில்ன்ல காஞ்ச மரம்னு சொன்னா, எத்தனை பர்சன்ட்னு கேளுங்க

கேள்வி: வணக்கம் அண்ணே. போன தடவை வீட்டுப் பின்பக்கம் ஒரு ரூம் எடுத்தப்போ, கில்ன் சீசனிங் (சூடான அறையில வெச்சுக் காயவைக்கிறது) பண்ணின மரம்னு சொன்னதை நம்பி பலகைக் கதவு ஒண்ணு செஞ்சோம். முதல் மழைக்காலத்துலயே உப்பி நிலையில மாட்டிக்கிச்சு, அப்புறம் வெயில் வந்ததும் பலகைக்கு நடுவுல விரல் நுனி போற அளவு இடைவெளி விட்டுடுச்சு. இப்போ மாடி கட்டுறோம், நிலை, கதவு, ஜன்னல், கூரைக்கு மரம் எல்லாம் வாங்கணும். கார்பென்டர் "கில்ன்ல போட்டா மரத்தோட சத்தெல்லாம் போயிடும், வெயில்ல நல்லா காயப்போட்டாலே போதும்"ங்கிறார். மில்காரர் "கில்ன் பண்ணிட்டா மரம் அசையவே அசையாது"ங்கிறார். யார் சொல்றது சரி? கில்ன்ல உண்மையிலயே என்ன பண்றாங்க, வாங்கும்போது நான் எதைப் பார்க்கணும்? அந்தப் பழைய கதவை என்ன பண்றது?

பதில்: தம்பி, ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல. அதுலயும் மில்காரர் சொன்ன "அசையவே அசையாது"ங்கிறதுதான் அதிகமா நஷ்டம் பண்ற பேச்சு, ஏன்னா அதை நம்பித்தான் நிறைய பேர் மரம் அசைய இடமே விடாம கதவை டைட்டா செஞ்சு மாட்டிடுறாங்க. கில்ன்ல போட்டாலும் போடாட்டியும் மரம் காத்துல ஈரம் கூடினா உறிஞ்சும், குறைஞ்சா விடும், எத்தனை வருஷம் ஆனாலும் அந்தக் குணம் போகாது. கில்ன் பண்ற வேலை என்னன்னா, மரத்துக்குள்ள இருக்கிற ஈரத்தை நீங்க அதை வைக்கப்போற இடத்துக்கு ஏத்த அளவுக்கு, மேலயும் நடுவுலயும் ஒரே மாதிரி, வெடிப்பு விடாம கொண்டு வர்றது, அவ்வளவுதான். அதனால "கில்ன் பண்ணினதா"ன்னு மட்டும் கேட்டுட்டு திரும்பி வராதீங்க, "எத்தனை பர்சன்ட் ஈரத்துல நிக்குது, எப்படி அளந்தீங்க"ன்னு கேளுங்க. வட அமெரிக்காவுல கட்டுமான மரத்துல கே.டி. (கில்ன்ல காஞ்சதுங்கிறதோட சுருக்கம்)ன்னு முத்திரை குத்தியிருந்தா 19 பர்சன்ட்டோ அதுக்குக் கீழயோ ஈரம்னு அர்த்தம். அதுவும் கில்ன்ல காஞ்ச மரம்தான், கூரைச் சட்டத்துக்கு தாராளமா ஆகும், ஆனா அதே 19ல உள்ரூம் கதவு செஞ்சீங்கன்னா உங்க பழைய கதவு கதைதான்.

இந்த பர்சன்ட் கணக்கை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இதுல நிறைய பேர் குழம்புறாங்க. மரத்துல இருக்கிற தண்ணியோட எடையை, முழுசா காஞ்ச மரத்தோட எடையால வகுக்கணும், ஈர மரத்தோட எடையால இல்ல. அதனாலதான் சில பச்சை மரத்துல ஈரம் 100 பர்சன்ட்டுக்கு மேலயே வரும், அதாவது மரத்தை விட உள்ள இருக்கிற தண்ணி கனம். மரத்தோட செல் ஒவ்வொண்ணும் குழாய் மாதிரி, அந்தக் குழாய்க்குள்ள நிக்கிற தண்ணி வேற, குழாயோட சுவத்துக்குள்ளயே ஊறியிருக்கிற தண்ணி வேற. முதல்ல போறது குழாய்க்குள்ள இருக்கிறது, அது போறப்போ எடை குறையுமே தவிர மரம் பெருசா சுருங்காது. கிட்டத்தட்ட 28, 30 பர்சன்ட்டுக்கு வந்ததும் குழாய் காலி, அதுக்கப்புறம் சுவத்துல இருந்து தண்ணி கிளம்பும், அப்பதான் சுருக்கம், கோணல், முறுக்கு எல்லாம் ஆரம்பிக்கும். அதனால அறுத்துப் போட்டு கொஞ்ச நாள் ஆச்சு, எடையும் குறைஞ்சுடுச்சு, மரம் காஞ்சிடுச்சுன்னு சொன்னா நம்பாதீங்க, சுருங்குற வேலையே இன்னும் ஆரம்பிச்சிருக்காது.

சுருங்குறதும் எல்லாப் பக்கமும் ஒரே அளவா சுருங்கினா பிரச்சினையே இல்ல. நீளத்துல பச்சையில இருந்து முழுசா காயுற வரைக்கும் 0.1, 0.2 பர்சன்ட்தான், அதை மறந்துடலாம். வருஷ வளையத்துக்குக் குறுக்கே, நடுவுல இருந்து வெளிய போற திசையில ஒரு அளவு, வளையத்தை ஒட்டியே போற திசையில அதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. தேக்குல இது 2.5 பர்சன்ட்டும் 5.8 பர்சன்ட்டும், தேக்குக்கு இவ்வளவு பேர் இருக்கிறதுக்கு இந்தக் குறைஞ்ச நம்பரும் ஒரு காரணம். அமெரிக்க பீச் மரத்துல 5.5, 11.9. இப்போ உங்க கதவுக்கு வருவோம், 900 மில்லிமீட்டர் அகலம், எல்லாம் பட்டையா அறுத்த (அகலம் வளையத்தை ஒட்டிப் போற) தேக்குப் பலகைன்னே வெச்சுக்குவோம், 18 பர்சன்ட்ல செஞ்சு மாட்டி அது அப்புறம் 11க்கு இறங்கினா, 30 பர்சன்ட் இறங்குறதுக்கு 5.8னா 7 இறங்குறதுக்கு 1.35 பர்சன்ட், 900க்கு 12 மில்லிமீட்டர். நல்ல தேக்குலயே அவ்வளவு. நீங்க சொன்ன விரல் நுனி இடைவெளி எங்க இருந்து வந்துச்சுன்னு இப்போ புரியும்.

சத்து விஷயம். கார்பென்டர் எந்த அர்த்தத்துல சொன்னாரோ தெரியல, ஆனா பலத்தைச் சொன்னார்னா அது நேர்மாறு. அந்த 30 பர்சன்ட்டுக்குக் கீழ ஈரம் இறங்க இறங்க மரம் கெட்டியாகும், 12 பர்சன்ட்ல நிக்கிற மரம் நெடுக்கா அழுத்தத்தைத் தாங்குறது பல மரத்துல பச்சையில இருந்ததை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரும். ஆணி பிடிமானம், பசை பிடிக்கிறது, பாலிஷ் நிக்கிறது எல்லாம் காஞ்ச மரத்துலதான் நல்லா இருக்கும். அவர் பார்த்த கெட்ட மரம் அவசரத்துல ரொம்ப சூடு வெச்சுக் கெடுத்த மரமா இருக்கலாம், அந்த மாதிரி சூட்டுல பலம் கொஞ்சம் குறையும், நொறுங்குற தன்மை வரும், அதை நானும் ஒத்துக்குறேன். ஆனா அது அவசரப்பட்டவங்க தப்பு.

வெயில்ல காயப்போடுறதை மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லிடுங்க. நேர் வெயில்ல மேல்தோல் வேகமா காஞ்சு சுருங்கப் பார்க்கும், உள்ள இன்னும் ஈரமா உப்பி இருக்கும், அது சுருங்க விடாது, இந்த இழுபறியில மேல வெடிச்சுடும். பலகையோட முனையில தண்ணி நார் வழியா நேரா வெளிய வர்றதால பக்கவாட்டை விட பல மடங்கு வேகமா காயும், அதான் முனை எப்பவும் முதல்ல பிளக்குது. அதுக்குத்தான் அறுத்த உடனே முனையில மெழுகுக் கரைசலோ கெட்டியா பெயின்ட்டோ அடிக்கணும், ரெண்டு நாள் கழிச்சு அடிச்சா பிரயோஜனம் இல்ல. நிழல்ல, காத்தோட்டமா, தரையில இருந்து தூக்கி, நடுவுல ரீப்பர் (மெல்லிசான மரச்சட்டம்) வெச்சு அடுக்கிக் காயவைக்கிறது வேற விஷயம், அது நல்ல முறை, நிறைய மில்லுல முதல் கட்டம் அப்படித்தான் காயவெச்சு அப்புறம் கில்ன்ல ஏத்துவாங்க. அதுக்கு ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு ஒரு பழைய கணக்கு சொல்லுவாங்க, குத்துமதிப்புதான், மரத்தையும் சீதோஷ்ணத்தையும் பொறுத்து கூடும் குறையும். எவ்வளவு நாள் வெச்சாலும் வெளிக்காத்தோட ஈரத்துக்கு எவ்வளவோ அதுக்குக் கீழ அது இறங்காது. காத்துல ஈரப்பதம் 80 பர்சன்ட்னா மரம் 16 பக்கம் நிக்கும், 65னா 12, 50னா 9, ஏசி, ஹீட்டர் ஓடி 30க்கு இறங்குற ரூம்ல 6. வெளிய 16ல நின்ன மரத்தை ஏசி ரூமுக்குள்ள கொண்டுவந்தா அங்க மிச்சத்தையும் சுருங்கி முடிக்கும், அதுவும் நீங்க இழைச்சு பாலிஷ் போட்ட பிறகு.

சரி, கில்ன்ல என்ன நடக்குது. பேரைக் கேட்டு சூளைன்னு நினைக்காதீங்க, நெருப்புல வாட்டுறது எதுவும் இல்ல. இன்சுலேஷன் போட்ட ஒரு பெரிய அறை, அதுல சூடு குடுக்க பைப், ஈரம் குடுக்க நீராவியோ தண்ணி ஸ்ப்ரேயோ, காத்தை அடுக்குக்குள்ள தள்ள பெரிய ஃபேன், ஈரக்காத்தை வெளிய விட ஜன்னல். கேக்கும்போதே வினோதமா இருக்கும், காயவைக்கிற அறைக்கு எதுக்கு ஈரம் குடுக்கணும்? அங்கதான் முழு வித்தையும். ஆரம்பத்துல 40லருந்து 50 டிகிரி சூடுதான், ஆனா காத்துல ஈரப்பதம் 80, 85ன்னு வேணும்னே தூக்கி வெச்சிருப்பாங்க, மேல்தோல் காயுற வேகம் உள்ள இருந்து தண்ணி வந்து சேருற வேகத்தைத் தாண்டக் கூடாதுன்னு. நடுவுல சாம்பிள் பலகையை எடுத்து எடை போட்டுக்கிட்டே வந்து, ஈரம் குறையக் குறைய சூட்டைப் படிப்படியா 65, 70ன்னு ஏத்தி, காத்தோட ஈரத்தை இறக்குவாங்க. ஒரு பக்கமே காஞ்சிடக் கூடாதுன்னு ஃபேன் சுத்துற திசையை சில மணி நேரத்துக்கு ஒருதடவை மாத்துவாங்க. அடுக்குறதுலயும் கவனம் இருக்கு, 20, 25 மில்லிமீட்டர் ரீப்பர், ஒண்ணரை ரெண்டு அடிக்கு ஒண்ணு, கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே நேர்கோட்டுல, இல்லைன்னா பலகை காயும்போதே வளைஞ்சு அந்த வளைவுலயே இறுகிடும். மேல் அடுக்கு முறுக்காம இருக்க பாரம் ஏத்துவாங்க.

பைன் மாதிரி லேசான மரம் ஒரு இன்ச் பலகைன்னா சில நாள்ல முடிஞ்சிடும், ஓக் மாதிரி அடர்த்தியான மரம்னா வாரக்கணக்கு, கனம் ரெண்டு இன்ச்சா ஆனா நேரம் ரெண்டு மடங்குக்கும் மேலயே ஆகும். இந்த நேரம்தான் மில்லுக்கு செலவு, அதனால அவசரப்படுறவங்க அவசரப்படுறது இங்கதான். சூட்டை முன்னாடியே ஏத்திட்டா மேல்தோல் இழுபட்ட நிலையிலயே காஞ்சு கெட்டியாயிடும், அப்புறம் உள்பாகம் சுருங்கப் பார்க்கும்போது தோல் விடாது, உள்ளயே பிளக்கும், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா. கொடுமை என்னன்னா வெளிய பார்த்தா பலகை அழகா இருக்கும், அறுத்துப் பார்த்தாதான் தெரியும். பிளக்காட்டியும் அந்த இழுவிசை உள்ளயே தங்கியிருக்கும். இதை எடுக்கத்தான் கடைசியா திரும்ப நீராவி விட்டு மேல்தோலுக்கு கொஞ்சம் ஈரம் குடுத்து தளர்த்துவாங்க, கண்டிஷனிங்னு சொல்றது இதைத்தான். ஈரம் நம்பருக்கு வந்தாச்சேன்னு இந்தக் கட்டத்தை விட்டுட்டு லோடை இறக்குறவங்க இருக்காங்க. அந்த மரத்தை கார்பென்டர் நெடுக்கா அறுக்கும்போது பிளேடை கவ்விப் பிடிக்கும், கனத்தைப் பிளந்து ரெண்டு பலகை ஆக்கினா ரெண்டும் அறுத்த பக்கமே குழிஞ்சு நிக்கும். மீட்டர்ல பார்த்தா 10 பர்சன்ட்னு சரியாத்தான் காட்டும், ஆனா மரம் அடங்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கு, ரம்பம் மட்டும் போதும், நீங்களே நின்னு செய்யச் சொல்லலாம். லோடுல ஒரு பலகையை எடுத்து, முனையில இருந்து ரெண்டு அடியாவது தள்ளி, குறுக்கே ஒரு இன்ச் துண்டு வெட்டுங்க. அந்தத் துண்டுல பலகையோட கனத்தை மூணாப் பிரிச்சு, நடுப்பாகத்தை மட்டும் ஒரு ஓரத்துல இருந்து அறுத்து எடுத்துடுங்க, அடியில கொஞ்சம் ஒட்டி இருக்கட்டும். இப்போ கையில ரெண்டு பல் இருக்கிற கவை மாதிரி ஒரு துண்டு இருக்கும், ஒரு பல் பலகையோட மேல்பக்கம், இன்னொண்ணு கீழ்ப்பக்கம். பல்லு ரெண்டும் நேரா நின்னா நல்லா முடிச்ச மரம். ரெண்டும் உள்பக்கம் சாஞ்சு ஒண்ணை ஒண்ணு தொட்டா இழுவிசை உள்ள இருக்கு, கண்டிஷனிங் பண்ணல. வெளிப்பக்கம் விரிஞ்சா நீராவி அளவுக்கு மீறிப் போச்சு, அதைச் சரி பண்றதும் கஷ்டம். வெட்டின உடனே பார்த்துட்டு, ஒரு நாள் ரூம்ல வெச்சுட்டு திரும்பவும் பாருங்க, ஏன்னா நடுப்பாகம் இன்னும் ஈரமா இருந்தா முதல்ல நேரா நின்னு அப்புறம்தான் உள்ள சாயும். நல்ல மில்காரர் இதுக்குத் தயங்க மாட்டார், ஒரு பலகையில ரெண்டு அடி வீணாகுறதுக்கு வேணும்னா நீங்க காசு குடுத்துடுங்க, முழு வீட்டு மரத்துக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

ஈரம் அளக்குறதுக்கு முள்ளு வெச்ச மீட்டர் வெச்சிருப்பாங்க. சின்ன முள்ளு மேல்தோலைத்தான் அளக்கும், நடு ஈரம் தெரியணும்னா பலகையைக் குறுக்கே வெட்டி, வெட்டின முகத்துல நடுவுல குத்திப் பாக்கச் சொல்லுங்க. மேல 9, நடுவுல 16ன்னு வந்தா அந்த லோடு பாதியில இறக்கினது. மீட்டர்ல எந்த மரம்னு செட் பண்ணணும், 30க்கு மேல அது காட்டுறதை நம்பவே வேணாம். சந்தேகம் வந்தா எடைதான் தீர்ப்பு. அதே மாதிரி ஒரு இன்ச் துண்டை வெட்டின உடனே எடை போடுங்க, 130 கிராம்னு வெச்சுக்குவோம், 103 டிகிரி ஓவன்ல எடை இறங்குறது நிக்குற வரைக்கும் வெச்சுட்டு திரும்ப எடை போட்டா 112னு வந்தா, போன தண்ணி 18, அதை 112ஆல வகுத்தா 16 பர்சன்ட்.

உங்க வேலைக்கு என்ன நம்பர் கேக்கணும்னா, உள்ரூம் கதவு, ஏசி ரூம் ஜன்னல் சட்டம், அலமாரிக்கு 8லருந்து 12க்குள்ள. வெளிக்கதவு, வெளி ஜன்னலுக்கு 12லருந்து 15. கூரை உத்தரத்துக்கு 19க்குள்ள இருந்தா போதும். உங்க ஊர்க்காத்து எப்படின்னு சரியா தெரிஞ்சுக்கணும்னா, அதே பகுதியில பல வருஷமா இருக்கிற ஒரு பழைய கதவுல மீட்டரைக் குத்திப் பாருங்க, அது எங்க நிக்குதோ அதுதான் உங்க டார்கெட், எந்த டேபிளும் அதை விட சரியா சொல்லாது.

நிலை பத்தி தனியா ஒரு எச்சரிக்கை. நிலைக்கு நாலு இன்ச், அஞ்சு இன்ச் கனத்துல மரம் எடுப்பீங்க, அந்தக் கனத்தை நடு வரைக்கும் சாதா கில்ன்ல காயவைக்கிறது ரொம்ப நீளமான வேலை, பெரும்பாலும் யாரும் செய்றதில்ல, மேல ஒரு இன்ச் காஞ்சிருக்கும், நடு பச்சையாவே இருக்கும். வேக்குவம் (வெற்றிட) கில்ன்ல காத்தழுத்தத்தைக் குறைச்சு கம்மி சூட்டுலயே தண்ணியைக் கிளப்புவாங்க, அதுல கனமான மரம் வேகமா காயும், ஆனா எல்லா மில்லுலயும் அந்த வசதி இருக்காது. அதனால நிலைக்கு கில்ன்னு சொல்லி கூடுதலா காசு கேட்டா நடுவுல குத்தி அளந்து காட்டச் சொல்லுங்க. அது முடியலைன்னா ரொம்ப நாள் நிழல்ல காஞ்ச மரமா, மரத்தோட நடுக்குருத்து இல்லாத துண்டா பார்த்து எடுங்க, குருத்தை உள்ள வெச்சு அறுத்த சட்டம் என்ன பண்ணினாலும் வெடிக்கும், முறுக்கும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிட்டு, சைட்ல கொண்டுவந்து புதுசா பூசின சுவரை ஒட்டி வெறும் கான்கிரீட் மேல போட்டா எல்லாம் போச்சு. புதுப் பூச்சு, புதுக் கான்கிரீட் வாரக்கணக்கா தண்ணியை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், 10ல வந்த மரம் அதைக் குடிச்சு 15, 16ன்னு ஏறிடும். உங்க பழைய கதவுக்கும் இதுதான் நடந்திருக்கும்னு எனக்கு ரொம்ப சந்தேகம், நீங்க கில்ன்காரரைத் திட்டுறீங்க, ஆனா மரம் கெட்டது சைட்லயா இருக்கலாம். பூச்சு வேலை முடிஞ்சு சுவர் காஞ்ச பிறகு மரத்தை உள்ள கொண்டுவாங்க, ரீப்பர் வெச்சு அடுக்குங்க, ரெண்டு வாரமாவது அந்த ரூம் காத்துல இருக்கட்டும், அப்புறம் இழைக்கட்டும். கதவு டிசைனும் முக்கியம். நாலு பலகையைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டி ஒரே தகடு ஆக்காதீங்க. சட்டம் செஞ்சு அதுல காடி (நீளப் பள்ளம்) எடுத்து பேனலை உள்ள விடுங்க, காடிக்குள்ள பசை போடவே கூடாது, ஓரத்துல சில மில்லிமீட்டர் இடம் விடணும், பேனல் உள்ளயே கூடிக் குறைஞ்சுக்கும், வெளிய சட்டத்தோட அகலம் மட்டும்தான் அசையும், அது சின்ன அசைவு.

பழைய கதவை இப்போ மாட்டிக்குதேன்னு மழைக்காலத்துல நிறைய இழைச்சுடாதீங்க, வெயில்ல ஒளி தெரியுற அளவு சந்து விழும். உரசுற இடத்தை மட்டும் லேசா எடுத்துட்டு, வறண்ட மாசத்துல அது நல்லா சுருங்கி நிக்கும்போது கழட்டி, ஆறு பக்கமும் சீலர் அடிங்க. ஆறு பக்கம்னா மேல் முனையும் கீழ் முனையும் சேர்த்து, யாரும் அடிக்காம விடுறது அதைத்தான், ஈரம் ஏறுறதும் அந்த வழியாத்தான். சீலர் அசைவை நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும், திடீர்னு ரெண்டு நாள் மழைக்கு உப்பாது. பலகை இடைவெளியில மக்கு வெச்சு இறுக்கி அடைக்காதீங்க, அடுத்த மழைக்கு உப்ப இடமில்லாம நிலையைத் தள்ளும். இடைவெளிக்குப் பின்பக்கம் மெல்லிசா ஒரு மரச்சட்டம், ஒரே ஒரு பலகையில மட்டும் ஆணி அடிச்சு ஒட்டிவிட்டா வெளிச்சம் மறைஞ்சுடும், மரமும் அசையும்.

நீங்க கேக்கல, இருந்தாலும் பூச்சி விஷயம் சொல்லிடுறேன். கில்ன் சூட்டுல அப்போ உள்ள இருக்கிற புழு, முட்டை செத்துடும், பார்சல் பெட்டி மரத்துக்கு உலகம் பூரா வெச்சிருக்கிற விதியே நடுப்பாகம் 56 டிகிரியில 30 நிமிஷம் இருக்கணும்ங்கிறதுதான். ஆனா நாளைக்கு வர்ற பூச்சிக்கு அதுல எந்தத் தடுப்பும் இல்ல. 20 பர்சன்ட்டுக்குக் கீழ இருக்கிற வரைக்கும் பூஞ்சை வராது, ஆனா செல்லு (கரையான்) வரும், வெள்ளைப் பகுதியில (மரத்தோட வெளிவட்டத்துல வெளிறி இருக்கிற பாகம்) இருக்கிற மாவுச்சத்துக்கு துளை போடுற வண்டு காஞ்ச மரத்துலயும் வரும். அதனால வெள்ளை அதிகமா இருக்கிற பலகையைக் கழிச்சுடுங்க. மிச்சத்துக்கு இழைப்பு, துளை, காடி எல்லாம் முடிஞ்ச பிறகு, பாலிஷுக்கு முன்னாடி மருந்து அடிக்கச் சொல்லுங்க, முன்னாடியே அடிச்சா இழைக்கும்போது மருந்தெல்லாம் தூளோட போயிடும். போரான் மருந்து உள்வேலைக்கு நல்லது, மழை படுற இடத்துல அது கரைஞ்சு போயிடும்ங்கிறதால வெளி ஜன்னலுக்கு வேற மருந்து கேளுங்க. தண்ணியில கலக்குற மருந்துன்னா அடிச்சுட்டு மரத்தைத் திரும்ப ரீப்பர் வெச்சு ஒரு வாரம் காயவிட்டு, மீட்டர் பழைய நம்பருக்கு இறங்கினதைப் பார்த்துட்டு பாலிஷ் போடச் சொல்லுங்க.